சீனத் தாய்க்கு ஆள் தேவை

மார்ச் 3, செவ்வாய்

என் வீட்டுக்காரன் சாய்சரண் போன் செய்து ஐந்து நாள். கப்பல்களைக் காட்டும் செயலியில் அவன் கப்பல் அதே இடத்தில், பச்சை முக்கோணமாக, நங்கூரம் போட்டு நிற்கிறது. வளைகுடாவில் சண்டை தொடங்கியதிலிருந்து எண்ணெய்க் கப்பல் எதுவும் வெளியே வர முடியவில்லை. இவன் இரண்டாம் இன்ஜினியர், கப்பலின் அடிவயிற்றில் வேலை. இங்கே நான் அந்த முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனியிலிருந்து மின்னஞ்சல்: ஊழியர்கள் அனைவரும் பாதுகாப்பாகவும் மிகுந்த உற்சாகத்துடனும் இருக்கிறார்களாம். சாய் மந்தைவெளி வீட்டில், ஞாயிற்றுக்கிழமை, பூரி மசாலாவுக்கு முன்னால்கூட மிகுந்த உற்சாகமாக இருந்ததில்லை. தலைக்கு மேல் ஏவுகணை போகும்போதா?

மாடி வீட்டு ராஜகோபாலன் மாமா வந்தார். பேங்க்கில் ரிடையர் ஆனவர். கப்பல் தாண்ட வேண்டிய ஜலசந்தியை விளக்குவதற்காக எங்கள் வீட்டு டபராவை ஈரான் ஆக்கினார், சர்க்கரை டப்பாவை அமெரிக்கா ஆக்கினார், காபி டம்ளரை சாயின் கப்பல் ஆக்கி நடுவில் வைத்தார். "ஸ்ட்ராடஜிக்கலா பார்த்தா இது நமக்கு நல்லதும்மா" என்றார். பேச்சு சுவாரசியத்தில் கப்பலைக் குடித்துவிட்டார்.

மாமியார் பக்கத்திலேயே இருந்தார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இந்த ஐந்து நாளாக அவர் சாய் பெயரையே எடுக்கவில்லை. நான் மட்டும்தான் பதறுகிறேனா?

மார்ச் 6

அப்பாவின் பல் கிளினிக்கில் மகள் ஸ்நேஹாவை விட்டுவிட்டு வரப் போனேன். நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் கடைவாய்ப் பல்லை மறந்து எழுந்தார். பொன்ராஜ், கோடம்பாக்கத்தில் துணை நடிகர் ஏஜென்ட்.

"இன்னா டாக்டர், வீட்லயே சைனாவ வச்சிக்கினு சொல்லவே இல்ல?"

போர்ப் படம் ஒன்று நடக்கிறதாம். எல்லையில் மகனைத் தொலைத்துவிட்டு அழும் சீனத் தாய் வேண்டுமாம். சென்னை முழுக்கத் தேடிவிட்டாராம்.

என் கொள்ளுத்தாத்தா ஹூபேயிலிருந்து பல் பிடுங்குகிற குறடோடு வந்தவர். நான் மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரில் பி.காம். படித்து, மயிலாப்பூர்ப் பையனையே கல்யாணம் செய்துகொண்டவள். கிழக்கே நான் போன அதிகபட்ச தூரம் பெசன்ட் நகர் கடற்கரை. மேய்லின் என்ற பெயரைக்கூட மாமியார் கல்யாணமான மறுநாளே மைதிலி ஆக்கிவிட்டார். வயதும் முப்பத்திரண்டுதான். சொன்னேன்.

"நரைக்கு விக் கீது மேடம். மூஞ்சிக்குத்தான் விக் இல்ல."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் ஒரு வார்த்தை சேர்த்தார். ஷூட்டிங் நடக்கிற ஃப்ளோரில் போன் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் முழுக்க அந்த முக்கோணத்தைப் பார்க்க முடியாது. சரி என்றேன்.

மார்ச் 7

மாமியாரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சினிமாக்காரா நடுவுல நீ தனியா போக வேண்டாம். நானும் வரேன்" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் காதல் தெரிந்தபோது ஒன்றரை வருஷம் சாயோடு பேசாமல் இருந்தவர் இவர். 'சீனாக்காரியா' என்று கேட்டுவிட்டு மூன்று வேளை சாப்பிடவில்லையாம். இப்போது மருமகள் சீனாக்காரியாக நடிக்கத் துணைக்கு வருகிறார்.

மார்ச் 9, திங்கள்

ஒத்திகை. கதை இதுதான்: நம் வீரன் ஒருவன், செத்துப்போன எதிரிச் சிப்பாயின் கடிதத்தை எடுத்துக்கொண்டு பனிமலை தாண்டிப் போய் அவன் தாயிடம் கொடுப்பான். அவள் கதறி அழுதுவிட்டு, "நீயும் என் மகன்தான். உன் நாடே உயர்ந்த நாடு" என்பாள். சீனாவில். தமிழில்.

உதவி இயக்குநர் அமீன், ராயப்பேட்டைப் பையன், வசனம் சொல்லிக்கொடுத்தான். நான் சொன்னதைக் கேட்டு முகம் வாடிவிட்டது.

"மேடம், உங்க தமிழு ரொம்ப மயிலாப்பூரா கீது. கொஞ்சம் சைனாவா பேசுங்க."

எப்படி என்று கேட்டேன். அவனே பேசிக் காட்டினான். கண்ணைச் சுருக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குனிவு. டப்பிங் படங்கள் பார்த்துக் கற்றதாம். ஒரு மணி நேரம் முயன்றேன். வரவில்லை. "பரவால்ல மேடம், ப்ராக்டிஸ்ல வந்துடும்" என்று ஆறுதல் சொன்னான். சீனாக்காரியாக இருக்க எனக்கு ட்யூஷன் தேவைப்படுகிறது.

மார்ச் 10

அப்பாவிடம் கேட்டேன் — சீனத் தாய் எப்படிப்பா அழுவாள்?

அவர் வாய்க்கண்ணாடியைக் கழுவிக்கொண்டே சொன்னார். முப்பத்திரண்டு வருஷத்தில் எனக்குச் சொல்லாத விஷயம். 1962 சண்டையின்போது அவருக்கு ஏழு வயது. மதராஸில் ஹாஸ்டலில் விட்டிருந்தார்கள். ஷில்லாங்கில் இருந்த அவர் அம்மாவையும் கைக்குழந்தையையும் போலீஸ் ரயிலேற்றி ராஜஸ்தான் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டது. சீன முகம், அவ்வளவுதான் குற்றம். நாலு வருஷம் கழித்து சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். அழவில்லை. கட்டிப்பிடிக்கவில்லை. பிள்ளையின் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாளாம். எந்தப் பல் எப்போது விழுந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாளாம். அப்பாவுக்கு இரண்டுதான் நினைவிருந்தது.

"மத்ததெல்லாம் நான் பாக்காமலே விழுந்துடுச்சா? அப்படின்னாங்க. அதுக்கப்புறம் அதப் பத்திப் பேசினதே இல்லம்மா."

அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

மார்ச் 11

இயக்குநர் குருபிரசாத்திடம் அந்த விஷயத்தைச் சொன்னேன். இப்படி எடுக்கலாமே சார், அழாமல் — என்றேன். உடனே குறிப்பு நோட்டைத் திறந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"செம மேடம். ஆனா ஆடியன்ஸுக்குக் கனெக்ட் ஆகாது. நீங்க கதறிடுங்க."

மார்ச் 12

முக்கோணத்தைக் காணவில்லை.

மார்ச் 13

நேற்று பதினொன்றரை மணி வரை இருந்தது. அப்புறம் வெறும் நீலம். செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். போனை அணைத்துப் போட்டேன். அதனால் கப்பல் வருமா? வராது. தெரியும். இருந்தாலும் செய்தேன்.

அதே கப்பலில் சமையல்காரராக இருப்பவரின் மனைவி நஸ்ருன்னிசாவைக் கூப்பிட்டேன். தாக்குதலுக்குப் பயந்து அவர்களே சிக்னலை அணைத்திருப்பார்கள், வழக்கம்தான் என்றாள். உறுதியாகத் தெரியுமா? "தெரியாதுக்கா. அப்டித்தான் நான் எனக்குச் சொல்லிக்கிறேன்" என்றாள்.

கம்பெனி எண்ணில் இசை கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம். நல்ல இசைதான்.

ஸ்நேஹா அப்பா எங்கே என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் மாமியார், "ஒளிஞ்சு விளையாடறான்டி. நீ நூறு எண்ணி முடி" என்றார். அவளுக்கு இருபது வரைதான் வரும். இருபது எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

மார்ச் 16, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

ஸ்டூடியோவுக்குள் இமயமலை. உப்பும் தெர்மாகோலும் தூவிப் பனி. வெளியே முப்பத்தாறு டிகிரி. எனக்கு நரை விக், முழங்கால் வரை ரோமக் கோட்டு. மாமியார் சுங்குடிப் புடவையில், லைட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், மோர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் டேக்கில் அழுகை வரவில்லை. கிளிசரின் விட்டார்கள். கண் எரிந்தது, அழுகை வரவில்லை. ஏழாவது டேக்கில் குருபிரசாத் மானிட்டரை விட்டு எழுந்து வந்தார்.

"மேடம், கேஸ் சிலிண்டர் வரலைங்கற மாதிரி முழிக்கறீங்க. பையன் போர்ல மாட்டிக்கிட்டான். சேதி இல்ல. இருக்கானா இல்லையான்னு தெரியாது. அந்தப் பிரிவு உங்க முகத்துல இல்ல. அனுபவம் இல்ல, புரியுது. கற்பனை பண்ணிப் பாருங்க."

கற்பனை பண்ணிப் பார்ப்பதாகத் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? நாலு நாளாகக் கப்பல் காணாமல் இருக்கிறது சார், அதனால்தான் அழ முடியவில்லை, அழுதால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் சார் என்று யாரிடம் சொல்வது?

ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் அவர் அதையே உரக்கச் சொன்னார். மகன் வருவானா தெரியாது. கடைசியாகப் பேசியது எப்போது என்றுகூட நினைவில்லை. பதினோராவது முறை சொன்னபோது லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ மேசையை இழுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மாமியார். மோர் பாட்டில் கீழே உருண்டு கிடந்தது. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமனார் இறந்தபோதுகூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

நான் ஓடினேன். குருபிரசாத் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். முகமே மாறிவிட்டது அவருக்கு. "யாரும் தொடாதீங்க. அமீன், அந்தக் கோட்டைக் கொண்டா."

அழ அழவே நெற்றி விபூதியைத் துடைத்தார்கள். கண் ஓரங்களில் டேப் ஒட்டி இழுத்தார்கள். என் கோட்டை உருவி அவர் மேல் போர்த்தி, கைத்தாங்கலாகப் பனிமேல் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். யாருக்கும் கேட்கவில்லை. மாமியாரும் தடுக்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்ததா?

உன் நாடே உயர்ந்த நாடு என்று அவர் சொல்லவில்லை. "வந்துடுடா. ஆத்துல யாரும் சரியா சாப்பிடலைடா. அவ போனையே பாத்துண்டு உக்காந்திருக்கா. வந்துடுடா" என்றார்.

கட். எல்லோரும் கைதட்டினார்கள். வசனத்தை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் குருபிரசாத். அமீன் கண்ணைத் துடைத்தபடி என்னிடம் வந்து, "கோச்சிக்காதீங்க மேடம். அம்மாதான் ஒரிஜினல் சைனா" என்றான்.

நான் அழுதேனா, தெரியவில்லை. கேமரா அந்தப் பக்கம் இருந்தது.

திரும்பும்போது தேனாம்பேட்டை சிக்னலில் ஆட்டோ நின்றதும் மாமியார்: "மைதிலி, இதை சாய் கிட்ட சொல்லிண்டிருக்காதே."

"நடிச்சதையாம்மா?"

"அழுததை."

பதினெட்டு நாளாக பீன்ஸ் நறுக்கியவர். நான் இவரைக் கல் நெஞ்சு என்று இதே நோட்டில் எழுதவில்லையே? புரட்டிப் பார்த்தேன். எழுதவில்லை. நினைத்தேன்.

மார்ச் 20

கம்பெனி மின்னஞ்சல். ஊழியர்கள் அனைவரும் பாதுகாப்பாக இருக்கிறார்கள். உற்சாகம் இல்லை. அந்தச் சொல்லை ஏன் எடுத்தார்கள்? காலையிலிருந்து இதே யோசனை. மாத ஆரம்பத்தில் அதைப் படித்து எரிச்சல்பட்டேன். இப்போது வேண்டும்.

குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் மாமியாருக்கு வாழ்த்து மழை. அமீன் போட்ட படம் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. ராஜகோபாலன் மாமா எழுதியிருந்தார்: 'எதிரி நாட்டுத் தாயாக இருந்தாலும் தாய் தாய்தான்.' அதற்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். மாமியாரின் மகன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 24

இன்றும் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

சாய்!!

நாற்பத்தேழு நொடி. சேட்டிலைட் போன். ஜலசந்தியைத் தாண்டி வந்துவிட்டார்களாம். "ஸ்நேஹாவுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?" என்றான். எல்.கே.ஜி.க்கு என்னடா பரீட்சை என்று கத்தினேன். இதற்கு ஐந்து நொடி போயிற்று. லைன் அறுந்தது.

மாமியார் என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். "முதல்ல எதைச் சொன்னான்?" என்றார். வார்த்தை வார்த்தையாக, வரிசை மாறாமல், மூன்று முறை ஒப்பித்தேன்.

ஏப்ரல் 9

வந்துவிட்டான். எட்டு கிலோ குறைந்து, தாடியோடு. ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறான். தெருவில் ஒரு வண்டி டப்பென்று புகை விட்டதும் தட்டைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். ஸ்நேஹா விளையாட்டு என்று நினைத்துத் தானும் எழுந்து நின்றாள்.

கம்பெனி அவனுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியிருக்கிறது. பெயரில் எழுத்துப்பிழை.

ராஜகோபாலன் மாமா அவனுக்குப் போரை விளக்க வந்தார். "நீ உள்ளயே இருந்துட்டே இல்லியா, அதனால உனக்கு முழு பிக்சர் தெரியாது." சாய் கேட்டுக்கொண்டான். மாமியார் காபியை அவருக்கு பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தார்.

ஏப்ரல் 17, வெள்ளி

பொன்ராஜ் போன் செய்தார். அழுகை ஷாட்டில் லேசாக ஃபோகஸ் போய்விட்டதாம், அம்மா ஒரே ஒரு தடவை வந்து அதேபோல் அழுதுவிட்டுப் போக வேண்டுமாம். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். சாய்தான், போகலாம்மா, எனக்கும் கொஞ்சம் வெளியே போகணும் என்றான். அவன் தானாகக் கேட்ட முதல் விஷயம். எல்லோரும் போனோம்.

அதே உப்பு, அதே கோட்டு, அதே டேப். மாமியார் பனியில் உட்கார்ந்தார். குருபிரசாத் குரலை நடுங்க வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்: மகன் வருவானா தெரியாது. மாமியார் நிமிர்ந்து லைட்டுக்குப் பின்னால் பார்த்தார். சாய் அங்கே நின்று சமோசா தின்றுகொண்டிருந்தான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளிசரின் விட்டார்கள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். ஆறு டேக்.

"சார் கொஞ்சம் வெளியில இருந்தா அம்மாவுக்கு மூடு வரும்" என்று குருபிரசாத் பணிவாகச் சொன்னார். சாய் நகர்ந்தான். மாமியார் எழுந்தார், உப்பில் கால் சறுக்கச் சறுக்க நடந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவன் இங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு ஃபோகஸ் இல்லாதது போறும்."

பேக்கப் சொல்லிவிட்டார்கள். டேப்பைப் பிரித்தார்கள். கோட்டைக் கழற்ற வேண்டுமென்றால் அவன் கையை ஒரு நொடி விட வேண்டும். உடைக்காரர் ஹேங்கரை நீட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றார்.