ஞானஜோதியின் தொண்டை

கிழக்குத் தாம்பரம்
9 ஆகஸ்ட் 1988

அன்புள்ள தம்பி அசரியாவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கு எல்லாரும் சுகம். பம்பாயில் மழை எப்படி என்று நீ ஒரு வரி எழுதுவதில்லை. எழுதுவதெல்லாம் இரைச்சலைப் பற்றித்தான்.

மே மாதம் நீ வந்துபோனதைப் பற்றிய விசாரிப்பு இன்னும் ஓயவில்லை. துருத்தி கிழிந்த ஆர்மோனியம், நிலையம் பிடிக்காத ரேடியோ, தேய்ந்த டேப், இவற்றை மேடையில் வாசிப்பதுதான் என் தம்பியின் இசை என்று சொன்னால், எதிர்வீட்டு பக்தவச்சலம் சார் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார். இரைச்சலை எப்படிக் குறைப்பது என்று கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் நான். எனக்குப் புரியவில்லை, விடு.

எழுத வந்தது பக்கத்து வீட்டு ஞானஜோதியைப் பற்றி. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் உடைந்து, கோயில் பாடகர் குழுவிலிருந்து தானாக ஒதுங்கிக்கொண்டவள். இங்கே நடக்கும் உன் டிசம்பர் நிகழ்ச்சியில் பாட வேண்டும் என்று நீ கேட்டதிலிருந்து ஆளே மாறிவிட்டாள். ஆஸ்பத்திரியில் குரல் பயிற்சிக்குப் போகிறாள். காலையில் மின்சார ரயில் சத்தத்துக்கு நடுவே அவள் சுரம் பிடிப்பது என் சமையலறைவரை கேட்கிறது. நீ கேட்க வேண்டும் என்று ஒரு கேசட் கொடுத்தாள். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அவளை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று அவளிடம் சொன்னாயா?

அன்புடன்,
அக்கா ஜெயசீலி


பம்பாய்
20 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அக்கா,

கேசட்டைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன். மேல்ஸ்தாயிக்குப் போனால் அந்தக் குரல் இரண்டாகக் கிழியுமே, அது எங்கே? அதை நம்பித்தான் முழு நிகழ்ச்சியையும் கட்டியிருக்கிறேன். இப்போது கேட்பது சாதாரண ஞாயிற்றுக்கிழமைக் குரல். அது எந்த ஊரிலும் கிடைக்கும். ஆர்மோனியத்தின் ஓட்டையை நானே பெரிதாக்கிக்கொள்ளலாம். தொண்டையில் முடியாதே.

நீங்கள்தான் உதவ வேண்டும். டிசம்பர்வரை பயிற்சியை நிறுத்தச் சொல்லுங்கள். தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்றால் ஞானஜோதி அக்கா நம்புவார்கள். காரணம் தெரிய வேண்டாம். தெரிந்தால் வேண்டுமென்றே உடைத்துப் பாடுவார்கள், இயல்பு போய்விடும்.

உங்கள்
அசரியா


கிழக்குத் தாம்பரம்
29 ஆகஸ்ட் 1988

அசரியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை.

ஒருத்தி தேறிவருகிறாள் என்று கேட்டு வருத்தப்படுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். அவன் என் தம்பியாக இருக்கிறான். ஓட்டை ரேடியோவை வைத்து நீ என்ன செய்தபோதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவளையும் அந்த வரிசையில்தான் வைத்திருந்தாய் என்று நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

அவளிடம் பொய் சொல்ல மாட்டேன். உண்மையை நீயே அவளுக்கு எழுது. எழுதாவிட்டால் நான் சொல்வேன்.

ஜெயசீலி


பம்பாய்
8 செப்டம்பர் 1988

அன்புள்ள அக்கா,

கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குக் குறையாகப் படுவது எனக்கு அழகாகப் படுகிறது. இதில் அருவருக்க என்ன இருக்கிறது? வழவழவென்று பாடுகிறவர்கள் யாரும் எனக்கு வேண்டாம்.

நான் எழுத மாட்டேன். எழுதினால் அவர்கள் வர மாட்டார்கள். நீங்களும் சொல்ல வேண்டாம். ஹாலுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. டிசம்பரில் வழக்கம்போல நம் வீட்டில்தான் தங்குவேன்.

உங்கள்
அசரியா


கிழக்குத் தாம்பரம்
19 செப்டம்பர் 1988

அசரியாவுக்கு,

நேற்று ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஞானஜோதியை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்த குரல் வேண்டும் என்றுதான் கூப்பிட்டான், இப்போது அது தேறிவிட்டதென்று குறைப்படுகிறான் என்றேன். அழப்போகிறாள் என்று கைக்குட்டையை எடுத்துவைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஒடைசல் கேக்கலன்னா சொன்னாரு? நெஜமாவா அக்கா?"

"ஆமா. அவனுக்கு அதான் வருத்தம்."

"அதயே தேடற காதுக்குக் கேக்கலன்னா, போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

அடுத்த நிமிடம் அவள் பாடகர் குழுத் தலைவர் ஞானையாவிடம் போய், கிறிஸ்துமஸ் பாடல்களில் தனக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிடைக்குமாம்.

உன் நிகழ்ச்சிக்கு அவள் வர மாட்டாள். "அவரு வேற யாரையாச்சும் பாத்துக்கட்டும், பாவம்" என்றாள். பாவம் என்றது உன்னை.

எனக்கு அந்தத் தாராளம் இல்லை. டிசம்பரில் நீ வேறு இடம் பார்த்துக்கொள்.

ஜெயசீலி