பென்சில் எழுத்து

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டு உடையார்பாளையம் அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகிறது. "கதவைச் சாத்திக்கிட்டு எவகிட்ட பேசுறீங்க?" என்று கேட்டாய். அதற்குப் பதிலைப் போனில் சொல்லப் பயம், அதனால்தான் காகிதம்.

எவளும் இல்லை. எங்கள் சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீஸில் வெடியின் அளவைக் குறைத்து எழுதுகிறார்கள். உண்மையான தாள்களைப் பத்திரிகைக்காரர் ஒருவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். யார், எங்கிருந்து அனுப்புகிறார் என்பதை மறைக்கும் டார் பிரௌசர் வழியாக. அதில் சொந்த மெயிலைத் திறக்கக் கூடாது, பெயர் எழுதக் கூடாது, கட்டியவளிடம்கூடச் சொல்லக் கூடாது. எல்லாவற்றிலும் கவனமாக இருந்தேன்.

நீ போன பிறகு நம் அடுப்படிச் சுவரின் விரிசலைப் படமெடுத்து அனுப்பினேன். படத்துக்குள் பதிவாகியிருந்த இடம், போன் விவரம் எல்லாவற்றையும் அழித்தேன். சுரங்க வெடியில் வீடு அதிரும்போதெல்லாம் விரிசலுக்குப் பக்கத்தில் நீ பென்சிலால் குறித்த தேதிகளை மட்டும் விட்டுவைத்தேன். அதுதானே சாட்சி! பால்வாடி போர்டில் தினமும் நீ எழுதுவதை ஊரே பார்க்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று படம் பேப்பரில் வந்தது. இன்று மேனேஜர் கேட்டார், "இது உங்க வூட்டம்மா எழுத்துன்னு சொல்றாங்களே?"

"இல்லீங்க சார், நான் எழுதினது."

"எழுதிக் காட்டுங்க."

எழுதினேன். உன் ஏழின் வளைவுகூடத் தப்பவில்லை. நாளையிலிருந்து எனக்கு வேலை இல்லை. யார் கேட்டாலும் நீ எழுதவில்லை என்றே சொல்.

எப்படி அப்படியே வந்தது என்று யோசிக்காதே. இருபது நாளாகச் சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு எதிரே அந்தச் சுவர்தானே இருந்தது.

பாப்பாவின் அப்பா