கொட்டு நின்ற வாசல்

டிசம்பர் 14, ஞாயிறு

காலையிலிருந்து மப்பு. மூணாவது ஆகமன ஞாயிறு. கோயிலுக்கு நான் மட்டும். ரஞ்சிதத்தால எழுந்து உட்கார முடியல.

காலை: அரை இட்லி. வாந்தி.
மதியம்: கஞ்சி, கொஞ்சம். நின்னுச்சு.

என்ன சாப்பிட்டா, எது நின்னுச்சுன்னு எழுதிக் கொண்டாரச் சொன்னது சிதம்பரம் டாக்டரம்மா. நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். கல்யாணத்துக்கு அப்புறம் பைபிள் படிக்கணும்னு ரஞ்சிதம் சொல்லிக் குடுத்த எழுத்து. அவ வாந்தியை எழுதத்தான் உதவுது.

கோயில்ல அறிவிப்பு. கேரல் ரவுண்ட்ஸ், கொட்டு அடிச்சுப் பாடிக்கிட்டு வீடு வீடா வர்றது, நம்ம தெருவுக்கு சனிக்கிழமை. வந்து சொன்னேன். "டீத்தூள் இருக்கா?"ன்னா.

"நம்ம வூட்டுக்கு எப்படி வருவாங்க? நட்சத்திரம் கட்டலையே"ன்னேன்.

ஆவணியில அண்ணன் செத்துப் போனார். பங்காளி வீட்டுல ஒரு வருசம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டக் கூடாது. நட்சத்திரம் இல்லாத வாசல் துக்க வாசல், கேரல்காரங்க நுழைய மாட்டாங்க. எங்கப்பா காலத்திலேருந்து முதுநகர்ல இதான் முறை.

சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. பிள்ளை இல்லாத வீடு. வருசத்துல ஒரு தரம் நிறையும்னா அது கேரல் அன்னிக்குத்தான்.

கல்யாணமான முதல் டிசம்பர். எல்லாருக்கும் டீ போட்டா, சர்க்கரைக்குப் பதில் உப்பு. ஒருத்தரும் வாய் திறக்கல. கொட்டு அடிக்கிற தேவசகாயம் மட்டும், "இன்னொரு கிளாஸ் குடு பொண்ணே, தொண்டைக்கு இதான் நல்லது"ன்னார். அவர் போட்டிருந்தது பச்சை ஸ்வெட்டர், முழங்கையில ஓட்டை. அது ஞாபகம் இருக்கு. பீரோ சாவியைக் காலையிலேருந்து தேடறேன்.

டிசம்பர் 17, புதன்

சிதம்பரம் ஆஸ்பத்திரி. தூறல். ரஞ்சிதத்தை வெளிய பெஞ்சுல உட்கார வச்சிட்டு டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டாங்க. "இனிமே ஊசி வேணாம் ஐயா. உடம்பு தாங்காது. வலிக்கு மட்டும் மருந்து தரேன். என்ன ஆசைப்படறாங்களோ செஞ்சு குடுங்க." நான் எழுதினதைக் கேட்கவே இல்ல. மடிச்சுப் பையிலயே வச்சிருந்தேன்.

வெளிய வந்தா ரஞ்சிதம், "கதவு சரியா சாத்தல"ன்னா. அவ்வளவுதான்.

திரும்பி வர்ற பஸ். ஜன்னலோர சீட்டு கிடைச்சுது. பி.முட்லூர் தாண்டி என் தோள்ல சாஞ்சிருந்தா. தூக்கம்னு நினைச்சேன்.

"ஏங்க, இந்த வருசம் நட்சத்திரம் கட்டுங்க."

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அடுத்த வருசமும் எனக்காக முறை பார்த்துக் கட்ட மாட்டீங்க. என் காதுக்கு இந்த வருசம்தான்."

கண்டக்டர் ஆலப்பாக்கம் ஆலப்பாக்கம்னு கத்தினான்.

ராத்திரி: பால், ரெண்டு மடக்கு.

டிசம்பர் 18, வியாழன்

மழை. துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்களாம். தேவனாம்பட்டினத்துல போட்டெல்லாம் மேட்டுக்கு இழுத்தாச்சுன்னு மீன் கொண்டு வர்ற அம்மா சொன்னாங்க. மீன் இல்ல. வெறுங்கூடையோட வந்து ரஞ்சிதத்தைப் பார்த்துட்டுப் போனாங்க.

பரண் மேலேருந்து நட்சத்திரத்தை இறக்கினேன். மூங்கில் குச்சி, சிவப்புத் தாள். சுனாமி வருசம் அவுக்க மறந்து பொங்கல் வரைக்கும் தொங்கின அதே கூடு. தாள்தான் மாத்தி மாத்தி ஒட்டறது. தொடைச்சேன். கட்ட மனசு வரல. அண்ணி காதுக்குப் போனா என்ன நினைப்பாங்க? புருசன் செத்து நாலு மாசத்துல தம்பி வீட்டுல விளக்கு எரியுதுன்னு சொல்லுவாங்களே.

ரஞ்சிதம் கட்டில்லேருந்து பார்த்துக்கிட்டே இருந்தா. "தொடைச்சு வைக்கவா இறக்கினீங்க?"

அண்ணியைக் கேட்டுட்டு வந்து கட்டறேன்னேன். போன் பண்ணுங்கன்னா. சாவு வீட்டு முறையைப் போன்லயா கேக்கறது.

டிசம்பர் 19, வெள்ளி

பக்கத்து வீட்டு செல்வியை இவளுக்குத் துணைக்கு வச்சிட்டு மதிய பஸ்ல சிதம்பரம், அண்ணி வீடு. அண்ணி வெள்ளைப் புடவையில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. விசயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழ வச்சாங்க.

"இதைக் கேக்கவா மழையில வந்தீங்க தம்பி? செத்தவருக்கு இனி என்ன தெரியப் போவுது? கிடக்கறவளுக்குத் தெரியும். போய்க் கட்டுங்க."

அழுதாங்க. அண்ணனுக்கா ரஞ்சிதத்துக்கான்னு தெரியல. புது பல்பு ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க, அண்ணன் போன வருசம் வாங்கி வச்சதாம். சட்டைக்குள்ள வச்சுக்கிட்டேன். புதுச்சத்திரத்துல ரோட்டுல தண்ணி, பஸ் ரொம்ப நேரம் நின்னுது.

வீடு வந்தா செல்வி வாசல்லயே நின்னுச்சு. "மாமா, கேரல் இன்னிக்கே வந்துட்டாங்க. நாளைக்கு மழை ஜாஸ்தியாம், அதனால சாயங்காலமே முடிச்சுட்டாங்க."

"வந்தாங்களா? உள்ள வந்தாங்களா?"

செல்வி உள்ள கட்டிலைக் கை காட்டுச்சு.

ரஞ்சிதம்தான் சொன்னா. தெருமுனையில கொட்டுச் சத்தம் கேட்டதுமே எழுந்து, செல்வி தோளைப் பிடிச்சுத் தலை சீவிக்கிட்டாளாம். கொட்டு கிட்ட வந்துச்சாம். நம்ம வாசலுக்கு வந்ததும் நின்னு போச்சாம். செருப்புச் சத்தம் மட்டும். நாலு வீடு தள்ளிப் போய் திரும்ப ஆரம்பிச்சுச்சாம்.

"எனக்கு இப்பவே நிறுத்திட்டாங்க"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

சாப்பாடு: எதுவும் இல்ல.

டிசம்பர் 20, சனி

காத்து மழை. குடை மடங்கிப் போச்சு. நனைஞ்சுக்கிட்டே ஜெயசீலன் வீட்டுக்குப் போனேன். தேவசகாயம் மவன், இப்ப கேரலுக்கு இவன்தான் லீடர்.

"நான்தான் மாமா கை காட்டி நிறுத்தச் சொன்னேன். பெரியவர் போன வீடு, நட்சத்திரம் இல்ல. மரியாதைன்னுதான்."

அவன் மேல தப்பு இல்ல. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். போன வருசம் வரைக்கும் விளக்குத் தூக்கிக்கிட்டுக் கூடப் போய்ச் செஞ்சும் இருக்கேன்.

"இன்னொரு தரம் வர முடியுமாப்பா? உங்கத்தைக்குத்தான்."

"கொட்டு தோல் ஊறிப் போச்சு மாமா. பசங்க பாதிப் பேருக்குக் காய்ச்சல். பாக்கறேன்."

பாக்கறேன்னா என்னன்னு தெரியும். திரும்பி வந்து நட்சத்திரம் கட்டினேன். செல்வி ஸ்டூலைப் பிடிச்சுக்கிச்சு. அண்ணன் பல்பு எரிஞ்சுது.

டிசம்பர் 21, ஞாயிறு

கோயிலுக்குப் போகல. காலை: ரெண்டு ஸ்பூன் கஞ்சி. நிக்கல.

ஆயர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனார். போறப்போ வாசல்ல நின்னு நட்சத்திரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

டிசம்பர் 24, புதன்

மழை விட்டுது. நல்ல குளிர். ரஞ்சிதம் நேத்திலேருந்து அதிகம் பேசல. மருந்து மயக்கம்.

சாயங்காலம் கண்ணைத் திறந்து, "பெரிய குண்டானை அடுப்புல வைங்க. நட்சத்திரம் கட்டின வூட்டுல டீ இல்லாம இருக்கக் கூடாது"ன்னா. வச்சேன். ஏலக்காய் தட்டிப் போட்டேன். தெருவுல ஆளுங்க கோயிலுக்குப் போற சத்தம். செல்வி வந்து ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போச்சு. ஜெயசீலன் வரல.

ஸ்பூன்ல கொஞ்சம் குடுத்தேன். "உப்பு போடலையே?"ன்னா.

மிச்ச டீயைச் சட்டியில ஊத்திட்டுக் குண்டானைக் கழுவிக் கவுத்தேன். கைபட்டுக் கொட்டு மாதிரி சத்தம் வந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டே, "ம்"ன்னா. கட்டில் பக்கத்துல உட்கார்ந்து குண்டானை மடியில வச்சுக்கிட்டேன். தேவசகாயம் எப்படி அடிப்பார்னு கைக்குத் தெரியல, காதுக்குத் தெரியும். ரெண்டு மெதுவா, ஒண்ணு ஓங்கி. பாட்டு எனக்கு வராது. சும்மா தட்டினேன்.

விரல் மரத்துப் போச்சு. இதை எழுதறதுக்காக நிறுத்தினேன். நிறுத்தினா கண்ணைத் திறக்கிறா.