ஸ்லோ குக்கருக்கு ஒரு காவல்காரர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்றும் தாங்ராவுக்குப் போகவில்லை. சீன ஓட்டல்கள் நிறைந்த அந்தப் பேட்டைக்கு நானும் மாடி வீட்டுத் தபன்-தாவும் (தா, தாதா என்றால் இங்கே அண்ணன்) பல வருடங்களாக ஞாயிறு மதியம் போய்வந்தோம். மெனு கார்டைத் திறந்ததே கிடையாது. இனிப்பும் புளிப்புமான பன்றி விலா எலும்பு, ஆளுக்கொரு பிளேட். எலும்பை உறிஞ்சிக்கொண்டே அவர் உலகத்துக்குத் தீர்ப்பு வழங்குவார். ஓய்வு பெற்ற அரசு வக்கீல். தீர்ப்பு வழங்கும் வாய்ப்பு ஓய்வுக்குப் பிறகுதான் கிடைத்தது.

ஜூன் மாதம் அவருடைய பற்கள் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். புதுப் பல்செட் வந்தாயிற்று. அது பெரும்பாலும் ஒரு கண்ணாடி டம்ளரில் இருக்கிறது. தபன்-தா பெரும்பாலும் படுக்கையறையில் இருக்கிறார்.

இன்று போய்க் கூப்பிட்டேன். கதவைப் பாதி திறந்தார்.

"சாப்பாட்டிலிருந்தும் ரிட்டயர் ஆகிவிட்டேன், மானிக்."

(மாணிக்கம் என்ற பெயரை இந்த ஊர் முதல் நாளே வெட்டி வங்காளியாக்கிவிட்டது. எனக்கு வருத்தமில்லை.)

உதட்டைத் திறக்காமலே பேசப் பழகிக்கொண்டிருக்கிறார். வாயை மூடிக்கொண்ட தபன்-தாவை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

தபன்-தாவின் மனைவி ஷிப்ரா பௌதி கீழே வந்து என் மனைவி அனுராதாவிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பௌதி என்றால் அண்ணி. வயதில் அனுராதாவைவிட இரண்டு மாதம் சின்னவர், ஆனாலும் அண்ணிதான்.

பருப்பைக் குழைத்த சாதம், வேகவைத்த பப்பாளி, பால். இதுதான் இப்போது தபன்-தாவின் சாப்பாடு. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஆனால் பௌதிக்குக் கவலை அதுவல்ல.

"திட்டவே மாட்டேன் என்கிறார். நேற்று வேண்டுமென்றே பருப்பில் உப்பு போடாமல் வைத்தேன். பேசாமல் குடித்துவிட்டுப் போய்விட்டார்."

துர்கா பூஜை தொடங்குவதற்கு முதல் நாள் எங்கள் குடியிருப்பில் ஆனந்தமேளா நடக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சமைத்து எடுத்துவந்து கடை போடுவார்கள். அதற்கு ஆண்டாண்டாய் நீதிபதி தபன்-தாதான். இந்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

உப்பில்லாத பருப்பையா குடித்தார்? நாளை நானே சமைக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எண்டாலி பக்கம் போய் விலா எலும்பு வாங்கிவந்து பிரஷர் குக்கரில் வைத்தேன். பல்லே வேண்டாத பதம் வர வேண்டும் என்று விசில்களைத் தாராளமாக விட்டேன். பதம் வந்தது. கறி ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்து, விவாகரத்து முடிந்த வீடு போலிருந்தது.

மேலே கொண்டுபோனேன். தபன்-தா கரண்டியால் ஒரு தடவை கிளறினார்.

"இது கறி இல்லை மானிக். கறியின் வாக்குமூலம்."

கதவு மூடியது. கெட்டதிலும் ஒரு நல்லது: வாக்கியம் பழைய தபன்-தாவுடையது.

ஆகஸ்ட் 13, புதன்

மகள் மஹிமா போனில் எதையோ தட்டியதன் விளைவாக ஸ்லோ குக்கர் ஒன்று வந்து சேர்ந்தது. மண்சட்டிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பிறந்தது போலிருக்கிறது. நாள் முழுக்க மெல்லிய சூட்டில் வேகவைத்தால் கறி உருக்குலையாமல் மிருதுவாகும் என்கிறாள்.

"காலையில் வைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போங்கள்" என்கிறது உடன் வந்த கையேடு. நான் இன்சூரன்ஸில் தீ விபத்துப் பிரிவு. வைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனவர்களுடைய வீட்டுப் புகைப்படங்களைத்தான் இத்தனை வருடமாக என் மேஜையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தின விடுமுறை. ஆகவே கவனிக்கத் தேவையில்லாத பாத்திரத்தைக் கவனித்துக்கொண்டு காலையிலிருந்து எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, அது பாம் இல்ல" என்றாள் மஹிமா.

மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சேர்ந்த சூடு போய்விடும் என்கிறது கையேடு. இந்த ஊரில் அமல்படுத்த முடியாத சட்டம். முதலில் மஹிமா திறந்தாள். பிறகு அனுராதா. பிறகு சர்க்கரை கேட்டு வந்த பௌதி, சர்க்கரையை மறந்து நேராகச் சமையலறைக்குள் வந்து, மூடியைத் தூக்கி, கிண்டியும் விட்டார். மற்றவர்கள் திறந்ததால் என்ன கெட்டது என்று பார்க்க நான் இரண்டு முறை திறந்தேன்.

சாயங்காலம் கறி வெந்திருந்தது. ஆனால் வெளுத்து, தண்ணீரில் நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வைக்கிற சூப்.

"ஏனுங்க, ஆவியே வெளிய போகாத பாத்திரத்துல தண்ணியும் ஊத்துனா, அது எங்கீங்க போகும்?" என்றாள் அனுராதா.

சூப்பை நானே குடித்தேன். மேலே அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பௌதி ஒரு விஷயம் சொன்னார். தபன்-தாவுக்கு ஈறெல்லாம் புண். எலுமிச்சை பட்டாலே துள்ளுகிறாராம். ஸ்லோ குக்கரில் வினிகரும் அன்னாசியும் போட்டுச் செய்ததைச் சுதந்திர தினத்தன்று மேலே அனுப்பியிருந்தால் நட்பு அத்தோடு முடிந்திருக்கும்.

அனுராதா கோபிச்செட்டிபாளையத்துக்காரி. பன்றியைச் சாப்பிட மாட்டாள். பன்றி தோற்றுப்போவதையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

"புளி கொஞ்சமாக் கரைச்சு, வெல்லம் தட்டிப் போட்டு, பச்சை வாசம் போகக் கொதிக்க வெச்சா அத்தனை எரியாதுங்க. கறியை நான் தொட மாட்டேன். சாறு வேணா வெச்சுத் தாரேன்."

சோயா சாஸ், இஞ்சி, பூண்டு மட்டும் சீனாவிலிருந்து. மிளகாய்க்கு அனுமதி மறுக்கப்பட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். எலும்பின் பின்பக்கத்து ஜவ்வை உரித்தேன். இரும்புக் கல்லில் ஒவ்வொரு துண்டையும் சிவக்க வாட்டினேன். பிறகுதான் குக்கர், தண்ணீர் கிடையாது, அனுராதாவின் சாறு மட்டும். கடைசியில் அந்தச் சாற்றை வாணலியில் ஊற்றி, பளபளவென்று கரண்டியில் ஒட்டும்வரை சுண்டவைத்துக் கறிமேல் பூச வேண்டும்.

பிரஷர் குக்கர் விசிலடித்துவிட்டு ஓய்ந்துவிடும். இது அப்படியல்ல. வாசனை காலையிலேயே மாடிப்படியில் ஏறி, மேல் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது.

மதியம் பௌதி இறங்கிவந்தார். "வினிகர் வாசனை ஏன் இல்லை என்று கேட்கச் சொன்னார்."

புளி என்றேன். போனார். வந்தார். "இனிப்புக்குச் சர்க்கரையா, வெல்லமா?"

வெல்லம் என்றேன். போனார். மூன்றாவது முறை மூச்சிரைக்க வந்தார். "அதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்கிறார்."

அனுராதாவும் பௌதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குறுக்கு விசாரணை. எத்தனை மாதம் கழித்து.

ஒரு கிண்ணம் அனுப்பினேன். மூடி கலையாமல் திரும்பி வந்தது. கூடவே ஒரு செய்தி: மேலே கொண்டுவந்து கொடுக்கும் சாப்பாடு நோயாளிகளுக்கானது.

சரி, கீழே வாருங்கள் என்று போன் செய்தேன்.

"பல்செட்டோடு கடித்தால் உயிர் போகிறது. அடுத்தவர் மேஜையில் உட்கார்ந்து அதைக் கழற்றிவைக்கவா சொல்கிறாய்?"

மேலேயும் ஆகாது, கீழேயும் ஆகாது. அப்புறம் எங்கேதான் சாப்பிடுவார் மனிதர் — மாடிப்படியிலா?

"அப்பா, ஜேட்டு தனியா சாப்பிடணும். ஆனா அவருக்காகத்தான் தனியா விட்டிருக்கோம்னு இருக்கக் கூடாது. அவ்ளோதான் மேட்டர்" என்றாள் மஹிமா. பெரியப்பாவுக்கு அவள் மொழியில் ஜேட்டு. என்னைவிட அவளுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

விடியும் முன்பே குக்கரைப் போட்டேன். மதியத்துக்குள் சாற்றைச் சுண்டவைத்து, கறிமேல் பூசி, திரும்பப் பாத்திரத்தில் வைத்தாயிற்று. சூடு ஆறாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் குக்கரின் வேலை. அதன் பிறகு மேலே போனேன்.

"தபன்-தா, ஓர் உதவி. பூஜைக்குத் துணி எடுக்கக் கரியாஹாட் போகிறோம். பௌதியும் வருகிறார். குக்கர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளில்லாத வீட்டில் அதை விட்டுப்போக எனக்குத் தைரியமில்லை."

"அணைத்துவிட்டுப் போ."

"பாதியில் அணைத்தால் கறி கெட்டுவிடும்."

"விட்டுவிட்டுப் போவதற்குத்தானே அந்தச் சாமானே இருக்கிறது?"

"நான் தீ விபத்துப் பிரிவு, தாதா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்கப் பொய்சாட்சிகளைப் பார்த்த கண். பிறகு செய்தித்தாளை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கரியாஹாட்டில் வாங்க வேண்டியதெல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. அனுராதா ஏற்கெனவே வேண்டாமென்று சொன்ன புடவையை மறுபடி விரிக்கச் சொன்னாள். பௌதி நடைபாதைக் கடைகளில் வளையல் பேரம் பேசினார், வாங்கும் உத்தேசமின்றி. நான் குக்கரைப் பற்றி ஒரு முறைகூட நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் தீயைப் பற்றி நினைக்கவில்லை.

திரும்பி வந்தபோது தபன்-தா சோபாவில், மடித்த செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு, உதடு ஒட்ட உட்கார்ந்திருந்தார்.

"அசம்பாவிதம் ஏதும் இல்லை."

மஹிமா மூடியைத் திறந்தாள். "ஜேட்டு, பாதிய காணோமே?"

"காவல்காரனுக்குச் சாப்பாடு உண்டா இல்லையா என்று உன் அப்பா சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் தெளிவில்லாவிட்டால் எழுதியவனுக்கு எதிராகத்தான் அர்த்தம் கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்."

தெரியும். அதை வைத்து எங்களை நிறைய பேர் ஜெயித்திருக்கிறார்கள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "இஞ்சி அதிகம்."

பௌதி புடவைப் பைகளோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மறுபடியும் காவல். எங்கே போகிறோம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை. தீர்ப்பு: இஞ்சி சரி, வெல்லம் துணிச்சல் போதாது.

செப்டம்பர் 18, வியாழன்

பௌதி படியிறங்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். நேற்று மீன் குழம்பு தண்ணீராக இருந்ததற்கு அரை மணி நேரம் திட்டினாராம். தன் அம்மா வைத்த குழம்பிலிருந்து ஆரம்பித்தாராம். இப்படி ஒரு புகாரை இத்தனை பூரிப்போடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதோடு, பல்செட்டை டம்ளரிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு தானே டாக்டரிடம் போய், குத்துகிற இடமெல்லாம் தேய்க்கச் சொல்லிச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். நாக்குக்கு வேலை வந்ததும் பல்லுக்காகவும் வழக்கு போட்டுவிட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மஹாளயா. ஆனந்தமேளாவில் கடை போடுகிறோம் என்று மஹிமா பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். கமிட்டிச் செயலாளர் சங்கடத்தோடு என்னிடம் வந்தார்.

"மானிக்-தா, உங்களை இட்லி என்று போட்டுவிட்டோமே."

இந்த ஊரில் இருபது வருடமாக நான் இட்லிதான். பன்றி என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். "கறியையா, உங்களையா?" என்று கேட்டார். நல்ல மனிதர்.

நீதிபதி யார் என்றேன். பழைய ஆள்தான், அவரே போன் செய்து மிரட்டினார் என்றார்.

செப்டம்பர் 27, சனி

மேஜைக்கு மேஜை கூட்டம். ஸ்லோ குக்கரைப் பந்தலில் வைத்து, எல்லோரும் மூடியைத் திறக்கும்படியே விட்டுவிட்டேன். தபன்-தா புது பஞ்சாபி ஜிப்பாவில் வந்தார். டம்ளர் வீட்டில் காலி. எங்கள் மேஜை முன் நின்று, ஒரு துண்டை எடுத்து, அத்தனை பேர் பார்க்கக் கடித்தார். வலப்பக்கம் மென்றார். இடப்பக்கத்துக்கு மாற்றி மென்றார். பௌதி என் மனைவியின் கையைப் பிடித்திருந்தார்.

முதல் பரிசு பி பிளாக்கின் வாழைப்பூ சாப் என்கிற கட்லெட்டுக்கு. இரண்டாவது யாரோ செய்த மீன் வறுவலுக்கு. எங்களுக்கு ஒன்றுமில்லை. காரணத்தை மைக்கிலேயே அறிவித்தார்.

"சாஸில் குறையில்லை. கறிதான், கடிக்க ஒன்றுமே இல்லை. பல்லில்லாத கிழவனுக்குச் சமைத்தது மாதிரி இருக்கிறது."

பந்தல் சிரித்தது. அனுராதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றாள்.

மேல்முறையீடு செய்வதாக இல்லை.