ஆனேக்கல் மார்க்

இன்று காலை டொம்லூரில் ஆனேக்கல் பஸ் ஏறி உட்கார்ந்ததும் போனைத் துப்பட்டாவால் துடைத்தேன். திரையின் கீழ்ப்பக்கம் மட்டும் பிசுபிசுவென்று ஒரு கட்டைவிரல் தடம். விரல் என்னுடையதுதான், பழக்கம் உன்னுடையது. போன மழையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அந்தப் பழக்கம் எப்போது என் கைக்கு வந்தது என்று தெரியவில்லையடி.

ஜோகுபாளையத்தில் நமக்கு அடுத்தடுத்த சந்து, பொம்மசந்திராவில் ஒரே மாத்திரைக் கம்பெனி, ஒரே பேக்கிங் பிரிவு. பஸ்ஸில் ஒரே இயர்போன், ஆளுக்கொரு காது. ஜப்பானில் புது அனிமே சீசன் தொடங்கினால் நமக்கு இங்கே தீபாவளி. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து விமர்சனம் பதிவு செய்வோம். நீ பேசுவாய், நான் வெட்டி ஒட்டி நம் சேனலில் ஏற்றுவேன்.

முதல் தடவை நீ சப்டைட்டிலைக் கட்டைவிரலால் மறைத்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது.

“ஏய், வெரல எடுடி. அவ இன்னா சொல்றான்னே தெரில.”

“கதைய சாயங்காலம் படிச்சிக்கலாம். இப்போ பாரு. வரைஞ்சவன் எங்க மெனக்கெட்டிருக்கான், எங்க டபாய்ச்சிருக்கான்னு பாரு.”

காலையில் எழுத்தில்லாமல், மாலையில் எழுத்தோடு. ஒவ்வொரு எபிசோடையும் அப்படித்தான் இரண்டு முறை பார்த்தோம். நாயகியின் கூந்தல் பறக்கும், பின்னால் ஜன்னல் திரை அசையாது. “காத்து இவளுக்கு மட்டும் தனியா அடிக்குது பாரு!” என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரிப்பாய். நல்ல காட்சி வந்தால் மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாய். அதே கையகலத் திரையைத்தானே நானும் பார்த்தேன்! உனக்கு மட்டும் அதற்குள் இத்தனை எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவது உனக்குப் பிடிக்காது. பார்த்துக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் தலை தூக்கி வெளியே பார்க்கிறோமோ, அதுதான் மார்க். ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வரும் சில்க் போர்டு நெரிசல் கண்ணில் பட்டுவிட்டால் தொடர் தேறாது. அதையும் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி வரை இழுத்துக்கொண்டு போனால் நல்ல தொடர். கேட்பவர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நம் பஸ் போகும் ஓசூர் ரோட்டையே பார்க்காதவர்கள்கூட, சில்க் போர்டுக்கு அடுத்த ஸ்டாப்பைச் சொல்லி, “இது எங்களுக்கு பொம்மனஹள்ளிதான்” என்று எழுதுவார்கள்.

ஆனேக்கல் மார்க் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தோம். தீவுக்குத் தீவு தபால் படகு ஓட்டும் பெண்ணின் கதை அது. கடல் விடிவதை நாம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில், இறங்க வேண்டிய பொம்மசந்திரா போய், சந்தாபுராவும் போய், கடைசி ஸ்டாப்பான ஆனேக்கல் ஸ்டாண்டில்தான் தலை தூக்கினோம். அரை நாள் சம்பளம் போச்சு. நீயோ டீயை வைத்துக்கொண்டு, “சக்கத்தா இருந்துச்சுல்ல?” என்றாய். ஆமாடி, சக்கத்தாக, பிரமாதமாகத்தான் இருந்தது.

அதன் இரண்டாம் சீசன் வரப்போகிறது என்று ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்னேன். கண் திறக்காமலே பேசினாய்: “நான் இல்லன்னு பாவம் பாத்து மார்க் போட்டே, கொன்னுடுவேன்.”

வந்தது. பார்ப்பதற்கு முன்பே ஆனேக்கல் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. உனக்கென்று நான் கொடுக்க அது ஒன்றுதானே மிச்சம்? கேட்பவர்களும் “அந்த அக்காவுக்காக ஆனேக்கல் குடுங்கக்கா” என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் வாராவாரம் சில்க் போர்டு வரும்போதே என் தலை தானாக நிமிர்ந்தது. கடலில் அலை ஒரே மாதிரி புரள்கிறது, கூட்டத்தில் நிற்பவர்கள் கண் சிமிட்டுவதில்லை. நீ இருந்தால் நார் நாராகக் கிழித்திருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது.

இன்று கடைசி எபிசோடு. அதிலும் சில்க் போர்டில் நிமிர்ந்துவிட்டேன். பிறகு மழைக்கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு அந்தப் படகுப் பெண் ஏதோ பேசுகிறாள். கோட்டின் ஓரத்தில் தண்ணீர் இறங்கி, ஒரு சொட்டாகத் திரண்டு, விழவா வேண்டாமா என்று நின்று, கனம் தாங்காமல் விழுகிறது. அதைப் பார்த்து அவள் பாதிப் பேச்சில் நிறுத்துகிறாள். அவ்வளவுதான். யாரோ ஒரு ஆள் எங்கோ உட்கார்ந்து நிஜமாகவே ஒரு சொட்டைப் பார்த்திருக்கிறான்! என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டேன். திரும்பப் போட்டேன். இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை.

“ஏனம்மா, பொம்மசந்திரா ஹோய்த்தல்லா!” என்று கண்டக்டர் கத்தினார். போகட்டும் அண்ணா, ஆனேக்கலுக்கே டிக்கெட் கொடுங்கள் என்றேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விமர்சனத்தை நானே பேசிப் பதிவு செய்தேன். முதல் தடவையாக என் குரலில். “தொடருக்கு சில்க் போர்டு. அந்த ஒரு சொட்டுக்கு ஆனேக்கல்.” பாவம் பார்க்கவில்லையடி, சத்தியமாக.

அந்தக் காட்சியில் அவள் என்ன பேசினாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. என் கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் படித்துக்கொள்கிறேன்.