பஸ் ஸ்டாண்டில் வாப்பா கூப்பிட்டது

அருமை மகன் ஸுஹைருக்கு ஏர்வாடியிலிருந்து உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், துபாயில் நீயும் மருமகள் சுஹாவும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய், போனை எடுத்தாலே வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்து வீட்டு சஃபீர் அங்கே பயணம் வருகிறான் என்றதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். வாப்பாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பயப்படாதே.

நீ எங்களிடம் கேட்காமல் அங்கேயே நிக்காஹ் முடித்த அன்றைக்கு, இனி உன் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று வாப்பா சொன்னார். சொன்ன மனிதர் மறுநாள் காலையில் தேத்தண்ணி கேட்கத் திணறிப்போனார். நீ பிறந்ததிலிருந்து என்னை ஸுஹைர் உம்மா என்றே கூப்பிட்டவர், ஹமீதா என்று ஒரு நாளும் அவர் வாயில் வந்ததில்லை. இரண்டு வருஷமாக எனக்கு ‘இந்தா’தான் பெயர், வெளியாட்களிடம் ‘வீட்ல’. ஒரு தரம் உன் தங்கையை வைத்து நஸீஹா உம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தார், நான் திரும்பவே இல்லை. மூத்தவனை விட்டுவிட்டு இளையவளுக்கு மட்டும் நான் உம்மாவா, எனக்கும் ரோஷம் உண்டு.

போன வியாழன் கண்ணில் கட்டோடு அவரை இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஏர்வாடி பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனேன். அதற்குள் வண்டியை எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். படியில் நின்று ‘இந்தா, இந்தா’ என்றிருக்கிறார், அத்தனை பெண்களில் யார் திரும்புவார்கள்? பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. “ஸுஹைர் உம்மா, ஏ ஸுஹைர் உம்மா, எங்கன நிக்கிற?” பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. முதல் தரமே எனக்குக் கேட்டுவிட்டது, ஆனாலும் இன்னொரு தரம் கேட்க ஆசையாக இருந்தது, கடை மறைவில் அப்படியே நின்று அழுதேன். கட்டுப் போட்ட மனிதரைத் தவிக்க விட்டதற்கு அல்லாஹ் மன்னிக்கட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினேன். கீழக்கரை தாண்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “அவனுக்கு லீவு எப்பவாம்?” என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பெருநாளுக்கு சுஹாவோடு வந்து சேர். நான் எழுதியதை வாப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. நீ சுஹாவைப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறாய், பிள்ளை பிறந்த பிறகும் அப்படியே கூப்பிடு, நாளைக்குப் பிள்ளைமேல் கோபம் வந்தால் பெண்டாட்டியைக் கூப்பிட வார்த்தையில்லாமல் நிற்க வேண்டாம். உங்கள் இருவர்மேலும் அல்லாஹ்வின் ரஹ்மத் இறங்கட்டும். சொட்டு மருந்து விட வாப்பா கூப்பிடுகிறார், போகிறேன்.

இப்படிக்கு,
ஸுஹைர் உம்மா