தோற்ற மறுநாள்

ஏப்ரல் 15, சனி

காலையிலிருந்து மணல் காற்று. ஜன்னலுக்கு எதிரே நிற்கிற எண்ணெய் டேங்க்கூடத் தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவுக்குள்ளும் மண்.

ஃபேமிலி குவார்ட்டர்ஸ் விண்ணப்பம் எழுதியாச்சு. சுதாவும் கயலும் ஊரிலிருந்து இங்கே ருவைஸுக்கு வர இனி வேண்டியது மேனேஜர் ஆலனின் சிபாரிசுக் கையெழுத்து மட்டும். இரண்டு வீடு காலியாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிவு தெரியாவிட்டால் கயலை ஊரிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுவேன் என்கிறாள் சுதா.

கையெழுத்துக்குக் கிளம்பினேன். செக்ரட்டரி செல்வம் அண்ணன் மறித்துவிட்டார். நாகர்கோவில்காரர், இந்த ஆபீஸில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"சாயங்காலம் அவருக்க டீமுக்கு மேட்ச் கெடக்கு மக்கா. ஜெயிச்சா நாளைக்குக் கொண்டு போ. தோத்த மறுநாளு மட்டும் அந்தப் பக்கம் போயிராத, கேட்டியா?"

இங்கே எல்லாருக்கும் இதுதான் வழக்கம். லீவு, டிரான்ஸ்ஃபர், எதுவானாலும் ஆலனுடைய இங்கிலீஷ் கிளப் போட்ட கோலைப் பார்த்துத்தான் அவர் மேசைக்குப் போகும். ஜெயிக்கும்வரை டிராயரில் கிடக்கும். நான் பந்தைக் காலால் தொட்டவன்கூட இல்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

சமன். ஒன்றுக்கு ஒன்று.

சமனுக்கு என்ன விதி? செல்வம் அண்ணனே தலையைச் சொறிந்தார். "உச்சைக்கு மேல பாத்துக்கலாம்." மத்தியானத்துக்கு மேல் ஆலன் சைட்டுக்குப் போய்விட்டார். கலாஸ், முடிந்தது.

வேலை ஓடவில்லை. கம்ப்யூட்டரில் அந்த கிளப்பின் சரித்திரம் படித்தேன். குளிர்காலத்தில் கிரிக்கெட் இல்லாமல் சும்மா திரிந்த சர்ச் பையன்கள் ஆரம்பித்ததாம். நூறு வருஷத்துக்கு மேல். ஒரு தடவை ஸ்டாண்டு தீப்பிடித்திருக்கிறது. வென்றதற்கெல்லாம் தனிப் பக்கம். ஆசையோடு திறந்தேன்.

பெரிய கப்: ஒன்று. ஆலன் பிறப்பதற்கு முன்.
இரண்டாம் டிவிஷனில் முதலிடம்: இரண்டு தடவை.

அவ்வளவுதான். மீதியெல்லாம் மேலே ஏறியது, கீழே விழுந்தது, மறுபடி ஏறியது. அடப்பாவிகளா, உங்களை நம்பியா என் குடும்பம் நிற்கிறது?

ஏப்ரல் 23, ஞாயிறு

நேற்று தோல்வி. ஃபைல் டிராயரில்.

சுதாவுக்குப் போன்.
"கையெழுத்து வாங்கிட்டீங்களா?"
"இன்னும் இல்ல. டீம் தோத்துடுச்சு."
"எந்த டீம்?"
சொன்னேன்.
"எவனோ ஒரு வெள்ளைக்காரன் பந்தை உதைச்சு ஜெயிச்சாத்தான் நான் என் புருஷனோட குடும்பம் நடத்தணுமா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்."
வைத்துவிட்டாள். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

வாங்க வேண்டியது: சோப்பு, தலைவலித் தைலம்.

ஏப்ரல் 29, சனி

டூட்டி முடிந்து நேராக மெஸ் டிவி முன்னால். உட்கார முடியவில்லை, நின்றேன், நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். முடியப் போகிற நேரத்தில் பெனால்டி. எதிராளிக்கு. கத்தியே விட்டேன்.

பக்கத்திலிருந்த பெஷாவர் டிரைவர் கேட்டான்: "பாய், உங்க ஊர் டீமா?"
"ஆமா" என்றேன்.

தோல்வி.

மே 2, செவ்வாய்

புழுக்கம். ஆலன் இந்த வேலையை விட்டுப் போகிறார், 10ஆம் தேதி ஃப்ளைட். டீ பாயிலிருந்து எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். கடைசி மேட்ச் ஞாயிறு. ஜெயித்தால் கிளப் மேல் டிவிஷனில் தங்கும். ஜெயித்தால் திங்கட்கிழமை போகலாம்.

சாமி கும்பிட்டேன். இதற்கா என்று எனக்கே வெட்கம்.

மே 7, ஞாயிறு

நாலுக்கு பூஜ்யம். கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது.

மே 8, திங்கள்

ஆலன் கேபின் பக்கம் ஒருத்தரும் போகவில்லை. செல்வம் அண்ணன் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். போனேன். வேறு வழி?

பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மட்டும் இன்னும் சுவரில். விண்ணப்பத்தில் தேதியைப் பார்த்தார்.

"ஏப்ரலில் எழுதியது. ஏன் இப்போது?"

மழுப்பத் தெரியவில்லை. ஆபீஸ் வழக்கத்தை அப்படியே சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமைகளில் யாருமே ஏன் என் அறைக்கு வருவதில்லை என்று நான் யோசித்ததுண்டு. அன்றைக்குத்தான் யாராவது வரமாட்டார்களா என்று இருக்கும்."

படத்தைக் காட்டினார். அந்தக் கப் வாங்கியபோது எடுத்ததாம். கூட்டத்தில் எங்கேயோ அவர் அப்பா.

"நான் பிறந்ததிலிருந்து இவர்கள் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜெயித்தால்தான் வேலை செய்வேன் என்றால் என்னை யார் வைத்திருப்பார்கள்?"

கையெழுத்துப் போட்டார். பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார். ஆகஸ்டில் கீழ் டிவிஷனில் முதல் மேட்ச், அதையும் பார்ப்பேன் என்றார்.

ஃபைலோடு ஹவுசிங் ஆபீசுக்கு ஓடினேன். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குவார்ட்டர் மாஃபி, பாய்." இரண்டு வீடும் போன வாரமே போய்விட்டது. அடுத்த பட்டியல் கோடை கழித்து. அதற்குப் புது மேனேஜர் கையெழுத்து வேண்டுமாம்.

சாயங்காலம் சுதாவிடம் சொன்னேன். "சரிங்க. இங்கயே சேத்துடறேன்." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மே 14, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. புது மேனேஜர் வந்தாச்சு. செல்வம் அண்ணன் காலையிலேயே விசாரித்துவிட்டார்.

"இவருக்கு கிரிக்கெட்டு, மக்கா. நேத்து அவருக்க ஊரு டீமு தோத்துட்டு. இன்னைக்கு வேண்டாம், கேட்டியா?"

கேட்டது. புது விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.